முதுகில் எழுதிய எழுத்து: பொதுப் பள்ளியில் சிறப்புத் தேவையுடைய மாணவர்

முன்னுரை

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் அமைந்துள்ளது. அத்தலத்தின் பெருமையைத் தமிழில் புராணமாகப் பாடிய புலவர் ஒருவர், அந்தக் குன்றைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்ணால் கண்டவர் அல்லர். அவர் 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார். பூதூரில் பிறந்து, செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர் என்று இலக்கிய வரலாறு அவரைப் பற்றிக் கூறுகிறது. திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் அவர் பாடியவை. இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் இரண்டு ஊர்கள், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் பாடலால் தமிழில் நிலைபெற்றிருக்கின்றன.

அவர் எழுத்தறிந்த முறை குறித்து வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. எழுத்துகளை அவருடைய முதுகில் விரலால் எழுதச் செய்து, அத்தொடு உணர்வாலேயே அவற்றின் வடிவங்களை அவர் அறிந்துகொண்டார் என்பதே அச்செய்தி. இச்சிறு செய்தியைப் புலவரின் திறமைக்குச் சான்றாகவே நாம் இதுவரை எடுத்துக் கூறி வந்துள்ளோம். சற்றே கூர்ந்து நோக்கின், அது எழுதிய விரலுக்கும் சான்றாகும். கண்ணால் காண இயலாத பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று கேளாமல், எழுத்து வேறு எவ்வழியில் உட்செல்லும் என்று எண்ணிப் பார்த்த ஒருவர் அன்று இருந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் இல்லையேல் அந்தகக்கவி இல்லை.

சிறப்புத் தேவையுடைய மாணவர்களைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் முறையைப் பற்றி இன்று பல மன்றங்களில் பேசப்படுகிறது. அம்முறை யாது, சட்டம் அதற்கு எவ்வளவு இடம் தந்துள்ளது, வகுப்பறையில் அது எவ்வாறு நிகழ வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது முதற்படி மட்டுமே. எழுத்து அப்பிள்ளையைச் சென்றடையும் வழியைக் கண்டறிவதே கல்வி என்பது இதன் மையக் கருத்தாகும்.

தனித்தல், சேர்த்தல், உள்ளடக்கல்

மாற்றுத்திறனுடைய பிள்ளைகளின் கல்வி மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. முதலாவது தனிப்பள்ளி முறை. தமிழகத்தில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவித்திறன் குறைந்தோர்க்கும் கிறித்தவத் தொண்டர்கள் பள்ளிகள் தொடங்கினர். வேறு எவரும் இப்பிள்ளைகளை ஏறிட்டும் பாராத காலத்தில் அப்பள்ளிகள் ஆற்றிய பணி பெரிது. எனினும் பிள்ளை தன் வீட்டையும் தெருவையும் தன் வயதொத்த தோழரையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. செல்ல இயலாத பிள்ளைகள் வீட்டிலேயே தங்கினர்.

இரண்டாவது, ஒருங்கிணைந்த கல்வி. நடுவண் அரசு 1974 இல் இதற்கெனத் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிள்ளையைப் பொதுப் பள்ளியில் சேர்த்து, கருவிகளும் உதவித்தொகையும் சிறப்பாசிரியரின் துணையும் தருவது அதன் நோக்கம். மூன்றாவது, உள்ளடக்கிய கல்வி. 1994 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சாலமன்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை இதனை உலகக் கொள்கையாக முன்வைத்தது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு பலருக்கு விளங்குவதில்லை. ஓர் எடுத்துக்காட்டால் அதனைத் தெளிவாக்கலாம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவன் எட்டாம் வகுப்பில் சேர்கிறான். எட்டாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. 'உனக்கேற்ற பள்ளி வேறிடத்தில் உள்ளது' என்று அனுப்பிவிடுவது தனித்தல். நாள்தோறும் இரண்டு மாணவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது சேர்த்தல். எட்டாம் வகுப்பையே தரைத்தளத்திற்கு மாற்றிவிடுவது உள்ளடக்கல். மூன்றாவதற்குச் செலவு ஏதும் இல்லை. தலைமையாசிரியரின் ஒரு சிந்தனை போதும். பள்ளிக்கு ஏற்பப் பிள்ளை மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பது பழைய முறை. பிள்ளைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்வது புதிய முறை. பொன்விளைந்த களத்தூர்ப் புலவருக்கு எழுத்து முதுகின் வழியே வந்ததும் இம்முறையே.

சட்டம் திறந்த கதவு

1995 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. எழுத்துகளைப் பிரித்தறிய இடர்ப்படும் கற்றல் குறைபாடுடைய பிள்ளைக்கும், ஆட்டிசம் உடைய பிள்ளைக்கும் அதில் இடமில்லை. அவர்கள் 'மந்தம்' என்றும் 'பிடிவாதம்' என்றும் பெயர் பெற்று, பிரம்படியும் பெற்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2006 இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை இந்தியா 2007 இல் உறுதி செய்தது. அதன் விளைவாகப் பழைய சட்டத்தின் இடத்தில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. இது 21 வகைகளை ஏற்கிறது. பெயரிலேயே 'உரிமை' என்னும் சொல் புகுந்தது கவனிக்கத்தக்கது. அன்றுவரை அருளாகக் கேட்கப்பட்டதை அதன்பின் உரிமையாகக் கேட்கலாம் என்பது அதன் பொருள்.

அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு அரசின் நிதியோ ஏற்போ பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமைகளைக் கூறுகிறது. வேறுபாடு காட்டாது சேர்த்தல், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக ஆக்குதல், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்தல், கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகியவை அவற்றுள் சில. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு என்று 31 ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகையோர்க்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது 32 ஆம் பிரிவு.

21 வகைகளுள் 'தொழுநோயிலிருந்து குணமடைந்தோர்' என்பதும் ஒன்று. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. ஆதலால் ஓர் உண்மையை இப்பகுதி மக்கள் பிறரினும் நன்கு அறிவர். மருந்து நோயைப் போக்கிவிடும். ஆனால் அயலார் விலகி நடப்பதைப் போக்க எந்த மருந்தும் இல்லை. உடலின் குறை ஒருவருக்குத் தரும் துன்பம் ஒரு பங்கு எனின், மனிதரின் விலக்கம் தரும் துன்பம் பல பங்கு. பள்ளிக்கூடமே அவ்விலக்கத்தை முளையிலேயே கிள்ளக்கூடிய இடம். ஐந்து வயதில் அருகருகே அமர்ந்து உண்ட பிள்ளைகள் ஐம்பது வயதில் ஒருவரை ஒருவர் விலக்குவது அரிது.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அக்கணக்கெடுப்பு இன்றைய 21 வகைகளையும் எண்ணவில்லை. எனவே உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருக்கும்.

கண்ணுக்கு மாற்றாக விரல்

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்த பிள்ளைக்கு யாது நிகழ வேண்டும் என்பதை இனிக் காண்போம்.

பார்வையற்ற மாணவருக்கு இன்று எழுத்து விரல்நுனியின் வழியே செல்கிறது. பிரான்சு நாட்டின் லூயி பிரெயில் 1824 இல் உருவாக்கிய முறை ஆறு புள்ளிகளைக் கொண்டது. அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறியீடுகள் கிடைக்கும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெயில்' 1951 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழ் பயில்வோர் அறிய வேண்டிய ஒரு நுட்பம் இதில் உண்டு. நாம் அச்சில் 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால் ஒலிக்கும்போது ககரம் முன்னும் எகரம் பின்னும் வருகின்றன. 'கொ' என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. பிரெயிலிலோ மெய்யை அடுத்தே உயிர் வருகிறது. ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே. இவ்வகையில் பார்வையற்றோரின் தமிழ் எழுத்து, உயிர்மெய் பிறக்கும் முறைக்கு நம் எழுத்தைவிட நெருக்கமானது எனலாம்.

படமும் உருவமும் கொண்ட பாடங்களில் தொடுபொருள் வேண்டும். மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்களை எடுத்துக்கொள்வோம். திரௌபதி இரதத்தின் கூரை குடிசை போன்றது. பீம இரதத்தின் கூரை வண்டிக்கூடு போன்றது. தருமராச இரதம் அடுக்கடுக்காகக் குறுகி உயர்வது. சகாதேவ இரதத்தின் பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல் வளைந்தது. இவ்வேறுபாட்டைச் சொற்களால் மட்டும் பார்வையற்ற மாணவருக்கு உணர்த்த இயலாது. களிமண்ணால் நான்கு சிறு உருவங்கள் செய்து கையில் கொடுத்தால் ஒரு பாடவேளையில் உணர்த்திவிடலாம். அவ்வுருவங்களைச் சுற்றிப் பார்வையுடைய மாணவர்களும் குழுமுவர் என்பதில் ஐயமில்லை. ஒருவருக்காகச் செய்த ஏற்பாடு வகுப்பு முழுமைக்கும் பயன்படுவதே உள்ளடக்கிய கல்வியின் இயல்பு.

செவித்திறன் குறைந்த மாணவர்

செவித்திறன் குறைந்த மாணவரைப் பற்றிக் கூறுகையில், இதனை எழுதுபவனின் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் கடன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்தபோது, காது சரிவரக் கேளாத மாணவன் ஒருவன் முன்வரிசையில் அமர்ந்திருந்தான். அவனுடைய குறிப்பேடு வகுப்பிலேயே தூய்மையானது. கரும்பலகையில் உள்ளவை ஓர் எழுத்தும் பிழையின்றி அதில் இருக்கும். அவன் நன்கு கற்கிறான் என்று மகிழ்ந்திருந்தேன். அரையாண்டுத் தேர்வில் அவன் விடைத்தாள் கண்டு திகைத்தேன். பலகையில் எழுதிய தலைப்புகள் எல்லாம் இருந்தன; அவற்றுக்கு நான் சொன்ன விளக்கங்களில் ஒன்றும் இல்லை. காரணத்தை அவனுடைய தாயார் வந்து சொன்னார்: "சார், நீங்க போர்டைப் பார்த்துப் பேசுனா அவனுக்கு ஒண்ணும் விளங்கலையாம். உங்க வாயைப் பார்த்தாத்தான் அவனுக்குப் பேச்சு."

எழுதிக்கொண்டே பேசுவது ஆசிரியரின் பழக்கம். அப்பழக்கத்தால் அரை ஆண்டுக்காலம் ஒரு மாணவன் வகுப்பில் இருந்தும் வகுப்புக்கு வெளியே இருந்திருக்கிறான். அவனைப் பள்ளி சேர்த்துக்கொண்டது, நான் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுதி முடித்துத் திரும்பிப் பேசுவதற்குப் பணமோ கருவியோ தேவைப்படவில்லை. மறுநாள் முதல் அவ்வாறே செய்தேன். கழிந்த அரையாண்டை மட்டும் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

உதட்டசைவைப் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். 'பாடம்' என்பதும் 'மாடம்' என்பதும் பார்வைக்கு வேறல்ல. ஆதலால் சைகை மொழி இன்றியமையாதது. அது கையசைவுகளின் கலவை என்று கருதுவது தவறு. தனக்கென இலக்கணமுடைய மொழி அது. இந்தியச் சைகை மொழிக்கென 2015 இல் தேசிய அளவில் ஓர் ஆய்வு பயிற்சி மையம் நிறுவப்பட்டது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது என்பதை மொழித்துறையினராகிய நாம் மற்றவரினும் விரைவில் உணர வேண்டும்.

மணலில் எழுதுதல்

கற்றல் குறைபாடு கண்ணுக்குப் புலப்படாதது. பிள்ளை நன்கு பேசும்; கேட்டதை நினைவில் வைக்கும்; கணக்கை மனத்திலேயே போடும். எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாறும். தமிழில் இத்தடுமாற்றத்திற்குரிய இடங்கள் தெளிவானவை. ண, ன, ந என்பவற்றையும், ல, ள, ழ என்பவற்றையும் பிரித்தறிவது ஒன்று. முன்னே கண்ட கொம்பைப் பின்னே ஒலிக்க வேண்டிய 'கெ', 'கே', 'கை' போன்றவை மற்றொன்று. இப்பிள்ளைக்குச் சோம்பல் என்று பெயரிட்டு நூறு முறை எழுதச் சொல்வது, கால் ஊன்ற இயலாதவரை நூறு முறை ஓடச் சொல்வதை ஒக்கும்.

ஒரே எழுத்தைக் கண்டு, ஒலித்து, விரலால் வரைந்து பல புலன்களின் வழியே கற்பிப்பதை இன்றைய சிறப்பாசிரியர்கள் பரிந்துரைக்கின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்ற முறை இதுவே அன்றோ? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரப் பள்ளிகளுக்கு மணலுக்கு என்ன பஞ்சம்? நாம் கைவிட்ட ஒன்றையே புதிய பெயரில் மீட்டெடுக்கிறோம்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைக்குப் பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் மற்றவர் வட்டி காண்கையில், இப்பிள்ளை மாமல்லபுரம் பேருந்தில் சீட்டு வாங்கி மீதிச் சில்லறையைச் சரிபார்க்கக் கற்கலாம். இரண்டும் கணக்கே. முதலாவதில் பிறர் பெறும் மதிப்பெண்ணுக்கு, இரண்டாவதில் இப்பிள்ளை பெறும் தன்னம்பிக்கை எவ்வகையிலும் குறைந்ததன்று.

தேர்வுக்கும் வழிகள் உள்ளன. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைத் தமிழகப் பொதுத்தேர்வுகளில் உரிய மாணவர்கள் பெறலாம். எழுதுபவரின் துணை 40 விழுக்காட்டுக் குறைபாடு உடையோர்க்கு மட்டுமே உரியதன்று என 2021 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை இருப்பதே பல பெற்றோர்க்குத் தெரிவதில்லை. தேர்வு நெருங்கிய பின் அறிந்து பயனில்லை. உரிய சான்றிதழ்களுடன் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

முட்டுக்காட்டில் ஒரு நிறுவனம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கோவளம் தர்காவுக்கு வருவோர் முட்டுக்காட்டைக் கடந்தே வருகின்றனர். அங்கே சாலையோரத்தில், பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் 2005 இல் நிறுவப்பட்டது அது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் ஒருங்கே உடையோர்க்கென இந்தியாவில் அமைந்த தேசிய நிறுவனம் நம் கடற்கரையிலேயே இருப்பது இம்மாவட்டத்திற்கு வாய்த்த பேறு. பிள்ளைகளின் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து பயிற்சி அளிப்பதும், சிறப்பாசிரியர்களை உருவாக்குவதும் அதன் பணிகள்.

பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இல்லாத நிலை இப்பல்வகைக் குறைபாடுகளுள் ஒன்று. அத்தகையோர்க்குக் கல்வி எவ்வழி செல்லும் என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய உள்ளங்கையில் விரலால் எழுத்தை எழுதிக் காட்டுவது உலகெங்கும் வழங்கும் முறைகளுள் ஒன்றாகும். 1887 இல் அமெரிக்காவில் ஆன் சலிவன் என்னும் ஆசிரியை, ஹெலன் கெல்லர் என்ற சிறுமியின் ஒரு கையில் நீரைப் பாய்ச்சி, மறு கையில் அந்நீரின் பெயரை விரலெழுத்தால் உணர்த்தினார். அச்சிறுமி 1904 இல் பார்வையுடையோர் பயிலும் பொதுக் கல்லூரியிலேயே பட்டம் பெற்றார். களத்தூரில் முதுகு, அங்கே உள்ளங்கை. காலமும் கடலும் இடையே இருந்தும், கற்பிக்கும் உள்ளம் கண்ட வழி ஒன்றாகவே இருக்கிறது.

இஸ்லாமிய மரபு தரும் சான்று

நம் கல்லூரி மலரில் இம்மரபைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவுரை நாடி வந்தார். பெருமானாரின் கவனம் தலைவர்பால் இருந்தது. அந்நிகழ்வையொட்டியே திருக்குர்ஆனின் 80 ஆம் அத்தியாயமாகிய 'அபஸ' அருளப்பெற்றது. கற்க விரும்பி வந்த எளியவரே முன்னுரிமைக்கு உரியவர் என்னும் இறைக்கட்டளையை அது உலகுக்கு உணர்த்திற்று. கல்வியின் வாயிலில் நிற்கும் ஒருவரை அவருடைய குறையைக் கொண்டு பின்தள்ளலாகாது என்பதற்கு இதனினும் உயர்ந்த ஆதாரம் முஸ்லிம்களுக்கு வேண்டுவதில்லை.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அத்தோழரைப் பெருமானார் மதிப்புடன் நடத்தியதோடு அமையவில்லை, பொறுப்பும் அளித்தார்கள். மதீனாவை விட்டு வெளியே செல்லுங்கால் பலமுறை அவரையே தம் பொறுப்பாளராக நியமித்தார்கள். பிலால் (ரலி) அவர்களுடன் பாங்கு சொல்லும் பணியும் அவருக்கு வழங்கப்பட்டது. நோன்புக் காலத்தில் பிலாலின் பாங்குக்குப் பின்னும் மக்கள் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு ஒலித்தால் நிறுத்த வேண்டும். வைகறை புலர்வதைக் காண இயலாத ஒருவரிடம், வைகறையை அறிவிக்கும் பணி எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது? பொழுது புலர்ந்துவிட்டது என்று அருகிருப்போர் சொல்ல, அவர் பாங்கு சொன்னார் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. குறை இருக்கிறதென்று பணியை மறுக்கவில்லை. பணியைத் தந்து துணையையும் தந்தனர். இன்றைய சட்டம் வேண்டும் 'தேவைக்கேற்ற வசதி' என்பதை மதீனா நகரம் நடைமுறையிலேயே காட்டிவிட்டது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. எகிப்தில் 1889 இல் பிறந்து இளமையிலேயே பார்வையிழந்த தாஹா ஹுசைன், அல்அஸ்ஹரிலும் கெய்ரோப் பல்கலைக்கழகத்திலும் மற்ற மாணவருடன் அமர்ந்து பயின்றார். அவர் 1914 இல் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், பார்வையற்ற அரபுக் கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி. 1950 இல் அவரே எகிப்தின் கல்வி அமைச்சரானார். இலவசக் கல்வியை விரிவுபடுத்தினார். ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்ட வகுப்பறை, பின்னர் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கே கதவைத் திறந்துவிட்டது.

ஆசிரியர் எழுப்பும் ஐயங்கள்

'ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்காகத் தனியே நேரம் ஒதுக்க இயலுமா?' என்பது முதல் ஐயம். இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கலாகாது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியவர். நாள்தோறும் ஒரே பள்ளியில் அவர் இருக்க இயலாது. சிறப்பாசிரியர் விகிதம் தொடக்க நிலையில் 10 மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவர்க்கு ஒருவர் என இருத்தல் வேண்டும் என்று 2022 இல் நடுவண் அரசு வரையறுத்தது. அவ்விகிதத்தைக் கேட்டுப் பெறுவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பணி. ஆயினும் அது நிறைவேறும்வரை காத்திருக்கப் பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. திரும்பி நின்று பேசுதல், பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தல், இருக்கையை மாற்றுதல், துணைக்கு ஒரு தோழனை அமர்த்துதல் ஆகியவற்றிற்கு எந்த ஆணையும் வர வேண்டியதில்லை.

'மற்ற மாணவரின் கல்வி கெடாதா?' என்பது இரண்டாவது. களிமண் இரதமும் மணலெழுத்தும் எல்லாப் பிள்ளைக்கும் பயன்படுவதை மேலே கண்டோம். தோழனுக்கு விளக்கிச் சொல்லும் மாணவன் அப்பாடத்தை இருமுறை கற்கிறான்.

'சிறப்புப் பள்ளிகளை மூடிவிடலாமா?' என்பது மூன்றாவது. கூடாது என்பதே விடை. சைகை மொழிச் சூழல் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் மிகுதியான துணை வேண்டும் பிள்ளைகளுக்கும் அவை தேவை. கடுமையான குறைபாடுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க விரும்பினால் அவ்வுரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் தருகிறது. ஆனால் அது பிள்ளையின் உரிமை. பள்ளியின் சாக்கு ஆகிவிடலாகாது. வருகைப் பதிவேட்டில் பெயரும் வீட்டுத் திண்ணையில் பிள்ளையும் இருப்பதைக் கல்வி என்று எவரும் ஏற்கார்.

நாம் செய்யத்தக்கவை

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். குறைபாடுடைய பிள்ளையை, சிறப்பாகப் பெண்பிள்ளையை, திருமணப் பேச்சுகளுக்கு இடையூறாகும் என்றஞ்சி வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரிடமும் அது உண்டு. நம்மிடம் இல்லை என்று சொல்ல இயலாது. ஜும்ஆ உரைகளில் இதனைப் பற்றி ஆலிம்கள் பேசினால், நூறு சுற்றறிக்கைகள் செய்யாததை ஓர் உரை செய்யும். பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் ஒளுச் செய்யும் இடத்திலும் சாய்தளம் அமைக்கலாம். ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது அதன் அளவு. அதனினும் செங்குத்தாக அமைத்தால் அது காட்சிப்பொருளாகவே நிற்கும்.

கல்லூரியின் கடமையும் உண்டு. 5 விழுக்காட்டு இடங்களை விளம்பரத்தில் அச்சிடுவதோடு நம் பணி முடிவதில்லை. அவ்விடத்தில் சேர்ந்த மாணவர் நூலகத்தின் மாடியை அடைய இயலுமா, அங்குள்ள தமிழ் நூல்களைக் கேட்டறிய வழி உண்டா என்று வினவ வேண்டும். தமிழ்த்துறை மாணவர்கள் ஆளுக்கு ஒரு பாடநூலைத் தெளிவாகப் படித்து ஒலிப்பதிவு செய்தால், மூன்றே ஆண்டுகளில் ஒரு ஒலிநூலகம் உருவாகிவிடும். பார்வையற்ற மாணவர்க்குத் தேர்வெழுதித் தர முன்வருவோரின் பட்டியல் ஒன்றைத் துறையிலேயே வைத்திருக்கலாம். முட்டுக்காடு தொலைவில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அங்குச் சென்று கற்று வருவதும் கல்விச் சுற்றுலாவே.

முடிவுரை

எண்ணையும் எழுத்தையும் கண்களாகக் கருதியது நம் மரபு. கண் இல்லாதவருக்கும் அக்கண்களைத் தரலாம் என்பதை இம்மாவட்டத்தின் புலவர் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பித்தார். அவருக்கு வாய்த்தது ஒரு விரல். சட்டமும் நிதியும் நிறுவனங்களும் அன்று இல்லை. இன்று அவை எல்லாம் உள்ளன. நாளைக் காலை வகுப்பில், பாடம் சென்று சேராத ஒரு பிள்ளை நம்முன் அமர்ந்திருக்கும். அப்பிள்ளைக்கு எழுத்து எவ்வழியே செல்லும் என்று கேட்டுப் பார்க்கும் விரல்களாக நாம் இருக்க வேண்டும். அதற்கான மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.